தெரபி சென்டரில் ‘பிடித்து வைக்க’ கையெழுத்து கேட்கிறார்கள், போடலாமா?

வேளச்சேரி அம்மா

வணக்கம். ஒரு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 11 வயது, ஆட்டிசம். பேச்சு கிட்டத்தட்ட இல்லை, பத்துப் பதினைந்து வார்த்தை வரும், அதுவும் அவன் மனது வைத்தால். வாரம் ஐந்து நாள் ஒரு தெரபி சென்டருக்குப் போகிறான், 9.30 முதல் 1.30 வரை. (எந்த சென்டர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) போன மாதம் ஒரு சாயங்காலம் குளிப்பாட்டும்போது பார்த்தேன், இடது மேல்கையின் வெளிப்பக்கம் வரிசையாக நான்கு கன்றிப்போன தடம், உள்பக்கம் ஒன்று. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது, என் கையைவிடக் கொஞ்சம் பெரிய கை.

மறுநாள் கேட்டதற்கு, “மெல்ட்டவுன் வந்தது மேடம், தலையைச் சுவரில் இடித்துக்கொண்டான், பிடிக்க வேண்டியதாகிவிட்டது” என்றார்கள். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றால் பதில் இல்லை. அடுத்த வாரம் ஒரு தாளை நீட்டினார்கள். “மாணவரின் நடத்தை கட்டுக்கடங்காமல் போகும்போது தேவையான உடல்ரீதியான கட்டுப்பாட்டைப் பயன்படுத்த முழு சம்மதம் அளிக்கிறேன்.” அவ்வளவுதான், ஒரே வரி, கீழே கையெழுத்து போட இடம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்களும் பிடிக்கிறோம். எங்கள் தெருவில் சாவு ஊர்வலம் போனால் பறையும் வெடியும் சேர்ந்து அவனுக்குத் தாங்காது. ஒரு முறை அப்படித்தான் பால்கனிப் பக்கம் ஓடினான், நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. என் கணவர் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தவர், இருபது நிமிஷம் விடவில்லை. ஊர்வலம் போய் ஐந்து நிமிஷத்திலேயே சத்தம் ஓய்ந்துவிட்டது, ஆனாலும் அவர் விடவில்லை, பயம். அதனால் யோக்கியம் பேச நான் வரவில்லை. போடலாமா, கூடாதா?

பெரம்பூர் அப்பா

போடுங்கள் சிஸ்டர், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் பையனுக்கு 15 வயது, 70 கிலோ. மாதவரம் ஹைரோட்டில் தண்ணீர் லாரி வரும்போது கையை உதறிக்கொண்டு ஓடினவனை நான் எட்டிப் பிடிக்காவிட்டால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பிடிக்கவே கூடாது, அன்பாகப் பேசினால் போதும் என்பதெல்லாம் ஏசி ரூமில் பவர்பாயின்ட் போடுபவர்கள் சொல்வது. டீச்சர்களும் மனிதர்கள்தான். கடி வாங்குகிறார்கள், முடியை இழுக்கிறான், சம்பளமோ பன்னிரண்டாயிரம் பதினைந்தாயிரம். கையெழுத்து இல்லை என்றால் “உங்கள் பிள்ளை வேண்டாம்” என்று அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது.

கரும்பலகை

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர், 14 வருஷமாக இதே வேலை. பெரம்பூர் சார் சொல்வதில் பாதி நியாயம், அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். லாரிக்கு முன்னால் ஓடுகிற பிள்ளையைப் பிடிப்பதை எந்த நடத்தைத் திட்டமும் தப்பு என்று சொல்லாது. கையைப் பிடித்து ரோடு கடப்பதும், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை நேராக உட்கார ஓ.டி (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்த்து அளவெடுத்துக் கொடுத்த நாற்காலி பெல்ட்டும் நாம் இங்கே பேசுகிற விஷயத்தில் சேராது. அதே பெல்ட்டை, எழுந்து ஓடுகிறான் என்பதற்காக நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு மாட்டினால் சேரும். பொருள் ஒன்றுதான், எதற்காக மாட்டினோம் என்பதுதான் வேறு.

மேடம், அந்தத் தாளில் எனக்கு உறுத்துவது “கட்டுக்கடங்காமல்” என்ற வார்த்தை. எது கட்டுக்கடங்காதது? அழுவதா, நாற்காலியைத் தள்ளுவதா, வொர்க் ஷீட்டைக் கிழிப்பதா? பிடிப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, இந்த நொடியில் அவனுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ பலமாக அடிபடப் போகிறது, வேறு வழி கையில் இல்லை. சொன்ன பேச்சு கேட்கவில்லை என்பது காரணம் ஆகாது. பொருளை உடைக்கிறான் என்பதும் பெரும்பாலும் ஆகாது, உடையட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட் என்று சென்டர் வாசலில் போர்டு மாட்டியிருப்பார்கள், உள்ளே போனால் ஸ்டார் ஒட்டுவதும் சாக்லெட் கொடுப்பதும்தான் நடக்கும். அது அதுவல்ல. குழந்தை ஏன் அப்படிச் செய்கிறான் என்பதில்தான் அது தொடங்குகிறது. ஏதோ ஒன்றிலிருந்து தப்பிக்க, யாராவது கவனிக்க, ஒரு பொருள் கிடைக்க, அல்லது உடம்புக்கு அந்த உணர்வு தேவைப்பட்டு. ஒவ்வொரு தடவையும் முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது என்று எழுதிக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்தில் காரணத்தின் முகம் தெரிய ஆரம்பிக்கும். 1985-லேயே கார், டூராண்ட் என்ற இருவர் நான்கு குழந்தைகளை வைத்துக் காட்டினார்கள். முரண்டு பிடித்துப் பெறுகிற அதே விஷயத்தை வாயால் கேட்கக் கற்றுக்கொடுத்தபோது முரண்டு குறைந்தது. பேச்சு வராத பிள்ளைக்குப் பட அட்டை, டேப்லெட். படத்தைத் தொட்டால் அதைப் பேச்சாக்கும் அவாஸ் செயலி நம்ம சென்னையிலேயே உருவானது, தமிழிலும் இருக்கிறது.

ஆகவே பிடிப்பது திட்டத்தின் ஒரு பகுதி அல்ல, அன்றைக்குத் திட்டம் தோற்றது என்பதற்கான ரசீது. தோற்பது தப்பில்லை, எனக்கும் தோற்றிருக்கிறது. ரசீதைக் கிழித்துப் போடுவதுதான் தப்பு. உங்களுக்கு அன்றைக்கே சொல்லாமல் விட்டார்கள் பாருங்கள், எனக்கு அந்தத் தடத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

கேள்விக்குறி

எந்த சென்டர் மேடம்? தனிச்செய்தியில் சொல்லுங்கள், என் தங்கை பையனைச் சேர்க்கப் பார்க்கிறோம்.

வேளச்சேரி அம்மா

சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே எழுதியிருக்கிறேனே. நீங்கள் எந்த சென்டரில் சேர்த்தாலும் “பிடிப்பீர்களா, எப்போது, எப்படி, யாரிடம் சொல்வீர்கள்” என்று சேர்க்கும் நாளிலேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை. மஞ்சள் பூசிய சுவரையும் ஊஞ்சலையும் பார்த்துவிட்டு ஃபீஸ் கட்டிவிட்டேன்.

கறுப்புக்கோட்டு

சட்டப் பக்கம் கொஞ்சம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 97ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க அது ஒன்றுதான் வழி என்றால் மட்டுமே கட்டுப்படுத்தலாம், பொறுப்பில் இருக்கும் மனநல மருத்துவர் அனுமதிக்க வேண்டும், தேவைக்கு மேல் ஒரு நிமிஷம் நீளக்கூடாது, முறை, காரணம், நேரம் எல்லாம் பதிவாக வேண்டும், நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகவோ மிரட்டலாகவோ கூடாது. அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த வரி, ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டிக் கட்டுப்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். தனியறையில் அடைப்பதற்கு முழுத் தடை. சங்கிலிக்கு 95ஆம் பிரிவில் முழுத் தடை.

ஆனால் அவசரப்பட்டு அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சென்டருக்குப் போகாதீர்கள். அது மனநல மருத்துவ நிலையங்களுக்கானது, அறிவுசார் குறைபாட்டை மனநோய் என்ற வரையறையிலேயே அது சேர்க்கவில்லை. உங்கள் சென்டருக்கு அப்படியே பொருந்தாது. அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், ஆஸ்பத்திரிக்கே இவ்வளவு கெடுபிடி என்றால் ஒரு வரித் தாளுக்கு என்ன மரியாதை என்று கேட்கலாம். நேராகப் பொருந்துவது வேறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 6ஆம் பிரிவு கொடுமையான, மனிதத்தன்மையற்ற நடத்தையிலிருந்து பாதுகாப்பு தருகிறது, ஆட்டிசம் அந்தச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் ஒன்று. பள்ளிக்கூடம் என்றால், உடல் தண்டனையைத் தடுக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் துன்புறுத்தினால் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75ஆம் பிரிவு. அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

“முழு சம்மதம்” என்று கையெழுத்து வாங்கிவிட்டால் எல்லாவற்றுக்கும் காப்பு கிடைத்துவிட்டதாகப் பல இடங்களில் நினைக்கிறார்கள். பிள்ளையைத் துன்புறுத்த அனுமதி கொடுக்கும் அதிகாரம் பெற்றவருக்கே கிடையாது, அப்புறம் எங்கிருந்து எழுதிக் கொடுப்பீர்கள்? ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தக் கன்றல் தடத்தைத் தேதியோடு போட்டோ எடுத்தீர்களா? இல்லை என்றால் இனிமேலாவது எடுங்கள்.

தட்டச்சுப் பறவை

நான் ஆட்டிஸ்டிக், வயது 26, பேசுவதைவிட டைப் செய்வது எளிது. இங்கே எல்லாரும் பிடிப்பவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள், பிடிபடுகிற பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்லலாமா?

இரண்டாம் வகுப்பில் ஒரு மிஸ் என்னைத் துப்பட்டாவால் நாற்காலியில் கட்டுவார். நீல நிறம், ஓரத்தில் சின்னச் சின்னக் கண்ணாடி தைத்தது. வலிக்கவே இல்லை, மெதுவாகத்தான் கட்டுவார், “செல்லம் கொஞ்ச நேரம்டா” என்று சொல்லிக்கொண்டே கட்டுவார். அந்தக் கண்ணாடிகளை எண்ணுவேன், 31. இன்றைக்கும் ஜவுளிக் கடையில் கண்ணாடி வைத்த துணியைப் பார்த்தால் கை இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

யாராவது என்னைப் பிடித்த பிறகு நான் அடங்குவேன், உண்மை. அமைதியானதால் அல்ல. உள்ளே விளக்கு அணைந்துவிடும், அவ்வளவுதான். பார்ப்பவர்களுக்கு “பிடித்ததும் சரியாகிவிட்டான், பாருங்கள்” என்று தோன்றும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் பிடிப்பார்கள். ஆனால் எல்லாப் பிடியும் ஒன்றல்ல. என் மாமா ஒருவர் கோயில் திருவிழாக் கூட்டத்தில் நான் ஓடப் பார்த்தபோது மணிக்கட்டைப் பிடித்தார், கூட்டத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டார், அப்புறம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து “பிடித்துவிட்டேன், சாரி, வண்டி வந்தது” என்றார். அது கெட்ட நினைவாக இல்லை. வேளச்சேரி அக்கா, உங்கள் வீட்டுக்காரர் முதல் நிமிஷம் பிடித்தது எனக்குப் புரிகிறது. சத்தம் போன பிறகு பிடித்திருந்த பதினைந்து நிமிஷம் அவருடைய பயத்துக்காக.

நைட் ஷிப்ட்

மனநல வார்டில் நர்ஸாக இருந்தவள். மேலே தம்பி எழுதிய அந்த “அடங்கிவிட்டான்” பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், தயவுசெய்து எல்லாரும் படியுங்கள்.

பிடித்திருக்கும்போது திமிறிக்கொண்டிருந்தவன் திடீரென்று அசையாமல் போனால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உடனே கையை எடுங்கள், முகத்தைப் பாருங்கள், உதட்டு நிறத்தைப் பாருங்கள், மார்பு ஏறி இறங்குகிறதா பாருங்கள். குப்புறப் படுக்கவைப்பது, முதுகில் முழங்காலை ஊன்றுவது, மேலே உட்காருவது, மார்பைச் சுற்றி இறுக்குவது, தலையை மடியை நோக்கி அமுக்கிக் குனியவைப்பது, பெட்ஷீட்டில் சுருட்டுவது, இதெல்லாம் மூச்சை அடைக்கும் முறைகள். மூச்சு முட்டினால் எவருமே திமிறத்தான் செய்வார்கள், அந்தத் திமிறலை முரண்டு என்று நினைத்து இன்னும் அமுக்குவோம், முடிந்தது கதை. “பேசுகிறானே, அப்போ மூச்சு வருகிறது” என்பதும் தப்பான கணக்கு, இரண்டு வார்த்தை சொல்லும் அளவு காற்று இருப்பது வேறு, உடம்புக்குப் போதுமான காற்று கிடைப்பது வேறு. பேச்சே வராத குழந்தைக்கோ அதையும் சொல்ல வழியில்லை. வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, உடல் பருமன் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

லண்டனில் 2010-இல் செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞரை மனநல மருத்துவமனையில் 11 போலீஸ்காரர்கள் சேர்ந்து அமுக்கிப் பிடித்ததில் உயிர் போனது. அவர் குடும்பம் விடாமல் போராடி 2018-இல் சட்டமே வந்தது, மனநலப் பிரிவுகளில் பலப்பிரயோகம் எதுவானாலும் கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும், ஊழியருக்குப் பயிற்சி வேண்டும், ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும் என்று. வெளிநாட்டுக் கதை என்பீர்கள். நம்ம ஏர்வாடி? 2001 ஆகஸ்ட் 6, அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் விடியற்காலைத் தீ, 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கட்டியவர்களும் “பாதுகாப்புக்காக” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, கையே வைக்காமல் கட்டிப்போடவும் முடியும். சாயங்காலம் தூங்கிவழிகிற அளவுக்கு மாத்திரையைக் கூட்டச் சொல்லி சென்டர் கேட்டால், மருத்துவரிடம் எதற்காக என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

பெரம்பூர் அப்பா

சரி, குப்புறப் படுக்கவைக்கும் விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்திருக்கிறேன், ஒரு முறை அல்ல. எழுதவே கை நடுங்குகிறது. ஆனால் நாளைக்குக் காலையில் அவன் என் முடியைக் கொத்தாகப் பிடிப்பான், அல்லது அவன் அம்மாவைக் கடிப்பான். அப்போது நான் என்ன செய்ய? அதைச் சொல்லுங்கள், தத்துவம் போதும்.

கரும்பலகை

சார், நல்ல கேள்வி. முடியைப் பிடித்தால் இழுக்காதீர்கள். அவன் கைமேல் உங்கள் கையை வைத்து உங்கள் தலையோடு சேர்த்து அமுக்குங்கள், முடி வேர் இழுபடாது, வலி பாதியாகும், வலி குறைந்தால் நாம் கத்த மாட்டோம், நாம் கத்தாவிட்டால் அவன் பிடி தளரும். கடித்தால் கையை வெடுக்கென்று பிடுங்கக் கூடாது, சதை கிழியும், அவன் பல்லும் போகும். கடிபட்ட இடத்தை லேசாக அவன் வாய்ப்பக்கமே தள்ளினால் தாடை தானாகத் திறக்கும், அப்போது எடுங்கள். மூக்கை மூடுவது வேண்டவே வேண்டாம். தலையை இடித்துக்கொள்கிறானா, அவனைப் பிடிப்பதற்கு முன்னால் சுவருக்கும் தலைக்கும் நடுவில் குஷனை வையுங்கள், தலையணை, ஸ்கூல் பேக், எது கிடைக்கிறதோ அது. பாதி நேரம் பிடிக்க வேண்டிய அவசியமே வராது.

இதையெல்லாம் எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, நேரில் பயிற்சி தெரிந்தவரிடம் உங்கள் உடம்பில் செய்து பார்க்க வேண்டும். முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் போய் நடத்தைப் பிரச்சினைக்கென்றே மதிப்பீடு கேளுங்கள். 70 கிலோ பையனை நீங்கள் இன்னும் எத்தனை வருஷம் பிடிப்பீர்கள்? அவனுக்கு வயது ஏறும், நமக்கும்தான்.

வேளச்சேரி மேடம், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள், ஆனால் சும்மா கொடுக்காதீர்கள், நீங்களே ஒன்று எழுதிக் கொடுங்கள். எந்தெந்த நடத்தைக்கு மட்டும் பிடிக்கலாம், அதற்கு முன் என்னென்ன முயல வேண்டும், யார் யார் பிடிக்கலாம், எந்த முறை கூடவே கூடாது, எத்தனை நொடிக்கு ஒரு முறை விட்டுப் பார்க்க வேண்டும், அன்று சாயங்காலத்துக்குள் உங்களுக்கு எழுத்தில் வர வேண்டும். அவர்கள் ஏற்கெனவே பிடித்த நாட்களின் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வேளச்சேரி அம்மா (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி சொல்லத் தாமதமாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் என் தாளைப் பார்த்ததும் நடத்துபவர் முகம் சுருங்கியது. “எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?” என்றார். நான் கரும்பலகை சார் சொன்ன மாதிரி பழைய நேரங்களைக் கேட்டேன், பதிவு ஏதும் இல்லை. ஆனால் ஒரு சின்ன டீச்சர், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், தன் டைரியில் ஒவ்வொரு முறையும் ஒரு மூலையில் குறித்து வைத்திருந்தார், ஏனென்று அவருக்கே தெரியவில்லையாம். இரண்டு மாதத்தில் ஒன்பது தடவை. அதில் ஏழு 12.30-க்கும் ஒரு மணிக்கும் நடுவில்.

அந்த அரை மணியில் என்ன? சாப்பாட்டு டப்பாக்களை மேஜைமேல் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, எல்லாரும் கை கழுவி வரும்வரை காத்திருக்க வைப்பார்களாம், “வெயிட்டிங் ஸ்கில்” பயிற்சி. என் மகன் காலையில் ஏழே முக்காலுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுப் போகிறவன். கண்ணெதிரே தன் பச்சை டப்பா, தொட்டால் கையைத் தட்டிவிடுவார்கள், பசிக்கிறது என்று சொல்ல வாயில் வார்த்தை இல்லை. போதாததற்குச் சரியாக அதே நேரத்தில் கீழ்வீட்டு மெஸ்ஸில் குக்கர் நான்கு விசில் அடிக்கும். நானாக இருந்தாலும் சுவரில்தான் முட்டிக்கொண்டிருப்பேன்.

இப்போது 11 மணிக்கு ஒரு வாழைப்பழம். டப்பா படம் போட்ட ஒரு அட்டை, அதை நீட்டினால் உடனே டப்பா கொடுக்கிறார்கள், காத்திருக்கும் பயிற்சி பிறகு பத்து நொடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்று முடிவு. விசிலுக்கு ஹெட்போன், மூன்று நாள் பிய்த்து எறிந்தான், நான்காம் நாள் மாட்டிக்கொண்டான்.

இந்த ஐந்து வாரத்தில் இரண்டு தடவை பிடித்திருக்கிறார்கள். ஒன்று 40 நொடி, ஒன்று ஒன்றே கால் நிமிஷம், இரண்டுக்கும் அன்றைக்கே தாள் வந்தது. இரண்டாவது தாளில் “இதற்கு முன் என்ன முயன்றீர்கள்” என்ற கட்டம் காலியாக இருந்தது, திருப்பி அனுப்பினேன். கேமராவுக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, மற்ற பெற்றோரும் விரும்பவில்லை, அது அப்படியே நிற்கிறது. தடம் யாருடைய கை என்பதையும் யாரும் சொல்லவில்லை.

வீட்டில் பால்கனிக்கு கிரில் போட்டாயிற்று, 18,000 ரூபாய். தூரத்தில் பறைச் சத்தம் கேட்டதுமே என் கணவர் இப்போது பிள்ளையை பாத்ரூமுக்குள் கூட்டிப்போய் பக்கெட்டில் தண்ணீரைத் திறந்துவிடுகிறார், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் நனைந்து வெளியே வருகிறார்கள்.

பெரம்பூர் அப்பா

சிஸ்டர், நீங்கள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளை எனக்கும் அனுப்ப முடியுமா? சென்டருக்கு இல்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்ட.

வேளச்சேரி அம்மா

அனுப்பிவிட்டேன் அண்ணா. நொடிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், அண்ணியும் நீங்களும் உட்கார்ந்து பேசி நிரப்புங்கள்.